இரண்டு ரியாலின் விலை



உங்கள் வீட்டு அலுமாரியைச் சற்றுத் திறந்து பாருங்கள். பூப்போட்ட பீங்கானோ, ஆறு கிளாஸ் கொண்ட செட்டோ, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவோ, சவூதியிலிருந்து வந்த பொருள் ஒன்றாவது அங்கே இருக்கக் கூடும். அது எந்தக் கடையில், எப்படி வாங்கப்பட்டது என்று எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? வாருங்கள், அந்தக் கடைத்தெருவுக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன்.

ஜித்தாவின் பழைய நகரை 'பலத்' என்பார்கள். கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளக் கற்களால் கட்டப்பட்டு, மரச் சட்டங்களால் சாளரங்கள் மறைக்கப்பட்ட உயரமான வீடுகள் நிறைந்த இடம். 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கிழக்கே பாப் மக்கா. முற்காலத்தில் கப்பலில் வந்திறங்கிய ஹாஜிகள் மக்காவை நோக்கிப் புறப்பட்ட வாசல் அதுதான். அங்கிருந்து சூக் அல்அலவி வழியாக நடந்தால் பைத் நஸீஃப் வரும். 1925இல் ஜித்தாவுக்குள் வந்த மன்னர் அப்துல் அஸீஸ் தங்கிய மாளிகை அது. அதன் முன்னே நிற்பது, நம்புவீர்களா, நமது வேப்பமரம்! ஒரு காலத்தில் நகருக்குள் இருந்த ஒரே மரம் அதுதான் என்று சொல்வார்கள்.

2008இல் நானும் மனைவியும் ஜித்தாவில் குடித்தனம் தொடங்கியபோது எங்களிடம் இரண்டு பெட்டிகளும் ஒரு பாயும் மட்டுமே இருந்தன. "அபூ ரியாலைனுக்குப் போங்க" என்றார் பக்கத்து அறையில் இருந்த நமது நாட்டவர். இரண்டு ரியால்காரர் என்று பொருள். எதை எடுத்தாலும் இரண்டு ரியால் என்று எழுதிப் போட்டிருக்கும் கடைகளை மக்கள் செல்லமாக அழைக்கும் பெயர் அது. ஒரு ரியால் அப்போது நமது காசில் 30 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. வாளி, அகப்பை, தேநீர் வடி, உடுப்புக் கொழுவி, தாச்சி எல்லாமே ஒரே விலை. அள்ளிக்கொண்டு வந்தோம். ஒரு மாதத்துக்குள் தாச்சியின் கைப்பிடி உருகியது. வாளியின் பிடி கழன்றது. வடியில் துரு ஏறியது. ஆனால் கொழுவிகளும் டப்பாக்களும் ஊர் திரும்பும்வரை உழைத்தன. நெருப்பும் பாரமும் படாத பொருளை அங்கே வாங்கலாம், அடுப்பில் வைப்பதை நல்ல கடையில் ஒன்றே ஒன்றாக வாங்க வேண்டும் என்பது எங்களுக்குக் கிடைத்த முதல் பாடம்.

இரண்டாவது பாடம் ஹராஜில் கிடைத்தது. ஹராஜ் என்பது பழைய பொருள் ஏலம் போகும் சந்தை. நாட்டை விட்டுச் செல்லும் குடும்பங்களின் குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் கால் விலைக்குக் கிடைக்கும். அங்கே ஓர் அரைக்கும் மெஷினை வாங்கி மச்சினிக்கு அனுப்பினோம். ஊரில் செருகிய அன்றே புகைந்துவிட்டது. சவூதியின் பழைய வீடுகளில் 127 வோல்ட் மின்சாரமும் இருக்கும். நமது நாட்டிலோ 230 வோல்ட். மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் சிறு தகட்டைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நாம் பார்த்தது விலையை மட்டுமே!

மூன்றாவது பாடத்தைத் தந்தவர் ஒரு சகோதரி.

அந்நாட்களில் பாங்கு சொன்னதும் கடைகளின் ஷட்டர் இறங்கிவிடும். (தொழுகை நேரத்திலும் திறந்திருக்க 2021இல் அனுமதி வந்தது.) ஒருநாள் மஃரிப் தொழுதுவிட்டு வந்தபோது, கடைப்படியில் என் மனைவியோடு ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தார். கிழக்கு மாகாணத்தவர், வீட்டுப் பணிப்பெண். எசமானி பக்கத்தில் தையற்கடையில் இருந்தார். மகளின் கலியாணத்துக்காகச் சாமான் சேர்க்கிறாராம். முந்திய வாரம் வாங்கிய சட்டியின் அடியில் வெடிப்பு இருந்தது. கடைக்காரர் சுவரிலிருந்த பலகையைக் காட்டி அனுப்பிவிட்டாராம்.

"அதில என்ன எழுதியிருக்கு மௌலவி?" என்று கேட்டார்.

விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படவோ மாற்றித் தரப்படவோ மாட்டாது என்று எழுதியிருந்தது. ஆனால் நமது மார்க்கச் சட்டத்தில் 'கியாருல் ஐப்' என்றொரு உரிமை உண்டு. விற்கும் முன்பே இருந்த குறை, வாங்கிய பின் தெரியவந்தால், வாங்கியவர் திருப்பிக் கொடுக்கலாம். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. கடை திறந்ததும் இதைப் பணிவாக அரபியில் எடுத்துச் சொன்னேன். கடைக்காரர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு வேறு சட்டியை எடுத்து, தானே தட்டிப் பார்த்துக் கொடுத்தார்.

வெளியே வந்ததும், "ரெண்டு ரியால்தானே ராத்தா, இதற்காகவா இவ்வளவு தூரம் கொண்டுவந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"மாசம் ஐந்நூறு ரியால் மௌலவி. சுபஹுக்கு எழும்பினா படுக்கப் பன்னிரண்டு மணியாகும். லீவு இல்ல. ரெண்டு ரியாலெண்டா எனக்கு ரெண்டு மணித்தியாலம்."

நான் வாய் மூடினேன். மனக்கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அவர் பையிலிருந்த பன்னிரண்டு கிளாசுகளும் பூச்சாடியும் சுவர்க் கடிகாரமும் எத்தனை நாள் உழைப்பு! "இந்தப் பூச்சாடி மகள் கேட்டதா?" என்று மனைவி கேட்டார். "கேக்கல்ல. வெறும் கையோட போனா சனம் என்ன சொல்லும்?" என்றார். எசமானியின் குரல் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அதன்பின் அவரைக் காணவில்லை.

சகோதரிகளே! அந்தச் சனம் யார்? நாம்தான் அல்லவா? வந்த பெட்டியைப் பிரிக்கும்போது சுற்றி நின்று, எனக்கென்ன, உனக்கென்ன என்று பார்ப்பவர்கள் நாம்தான். வீண்விரயத்தை அல்குர்ஆன் கண்டிப்பதைப் பயானில் கேட்கிறோம். மலிவாக வாங்கினாலும் தேவையில்லாதது விரயம்தான்.

இன்று அங்கே விலைகள் மாறிவிட்டன. 2018இல் 5 சதவீதமாக வந்த பெறுமதிசேர் வரி, 2020 ஜூலையில் 15 சதவீதமானது. இரண்டு ரியாலுக்கு முன்போல ஒன்றும் கிடைப்பதில்லை. ஆனால் அங்கே உழைப்பவரின் மணித்தியாலம் அதேதான்.

ஆகவே, வெளிநாட்டில் இருக்கும் உங்கள் கணவரோ மகளோ சகோதரியோ, "என்ன கொண்டு வர?" என்று கேட்டால், "ஏதாவது கொண்டு வாங்க" என்று சொல்லாதீர்கள். வீட்டில் உண்மையில் இல்லாத நான்கு பொருட்களின் பெயரைச் சொல்லுங்கள். இல்லையென்றால், "ஒன்றும் வேண்டாம், காசைச் சேமியுங்கள், நீங்கள் சுகமாக வந்தால் போதும்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனையோ பேர் அங்கே காத்திருக்கிறார்கள்.

தூர தேசங்களில் உழைக்கும் நம் சகோதர சகோதரிகளின் உடலுக்கு ஆரோக்கியத்தையும் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும் எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.