நாலு வீடு, ஒரு பைப்!

பெர்னூலி, ரெனால்ட்ஸ் நம்பர்னு செமஸ்டருக்கு செமஸ்டர் எழுதித் தள்ளுறோம். சரி பாஸ், உங்க வீட்டு மொட்டை மாடி டேங்க்கோட கேட் வால்வு எங்கே இருக்கு? டக்குனு பதில் வரலையா... அப்போ இது உங்களுக்குத்தான்!

எங்க காம்பவுண்டுல நாலு வீட்டுக்கும் ஒரே டேங்க். போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, கீழே இறங்குற முக்கால் இஞ்ச் பி.வி.சி. பைப் ஜாயின்ட்டுல உடைஞ்சுபோச்சு. ‘‘ப்ளம்பர் திங்கட்கிழமைதான் வருவாராம்டா!’’னு அம்மா. வால்வை மூடிட்டா தண்ணி வீணாகாது. ஆனா, கீழ் வீட்டுல ஆறு மாசக் குழந்தை இருக்கே! 2019 ஜூன்ல சென்னை ஏரிகள் வறண்டப்போ, குடத்தோட லாரிக்குக் காத்திருந்த தெரு எங்களோடது. சும்மா இருக்க முடியுமா?

காலையில ஹார்டுவேர் கடை அண்ணன்கிட்ட கேட்டு வாங்கினது... ரெண்டு கப்ளிங், ஒரு அடி பைப், சால்வென்ட் சிமென்ட், ஹாக்சா பிளேடு, உப்புத்தாள்.

இனி நீங்க! வால்வை மூடி, கீழ்க் குழாயைத் திறந்து பைப்புல நிக்கிற தண்ணியை வடிச்சிடுங்க. உடைஞ்ச பகுதியை நேரா அறுத்து, பிசிறைத் தேய்ச்சு எடுங்க. சுவத்து கிளாம்ப்பைக் கழட்டினாத்தான் பைப் அசைஞ்சு கொடுக்கும். புதுத் துண்டை முதல்ல சிமென்ட் இல்லாம மாட்டிப் பார்த்து, பென்சில்ல குறிச்சுக்கங்க. அப்புறம் ஈரம் போகத் துடைச்சு, பைப்புக்கு வெளியேயும் கப்ளிங்குக்கு உள்ளேயும் சிமென்ட் தடவி, கால் சுத்து திருப்பி அழுத்தி, அரை நிமிஷம் பிடிச்சுக்கங்க. அது வெறும் பசை இல்லை. பிளாஸ்டிக்கோட மேல்பரப்பைக் கரைச்சு ரெண்டையும் ஒண்ணாக்குற சமாச்சாரம். அதனால ஈரமும் ஆகாது, அவசரமும் ஆகாது. பக்கத்துல நெருப்பு கூடவே கூடாது. க்ரீம் கலர் சி.பி.வி.சி. பைப்னா அதுக்கான சிமென்ட்டைத் தனியா கேட்டு வாங்குங்க.

டப்பாவுல போட்டிருக்கிற நேரம் வரைக்கும் காத்திருந்து, வால்வை மெதுவா திறந்தேன். பத்து மீட்டர் உயரத் தண்ணிக்கு, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம்... எக்ஸாம்ல எழுதின கணக்கு அன்னிக்குத்தான் வயித்தைக் கலக்குச்சு! ஜாயின்ட்டைச் சுத்தி பேப்பர் வெச்சுப் பார்த்தேன். நனையலை!

திங்கட்கிழமை வந்த ப்ளம்பர் அண்ணன் தடவிப் பார்த்துட்டு, ‘‘நல்லா உட்கார்ந்திருக்கு தம்பி. ஆனா, சுவத்துக்குள்ள போற பைப்புல மட்டும் கை வைக்காதே’’ன்னார். தொழில் தெரிஞ்சவர் சொன்னா கேட்டுக்கணும்.

இந்த ஞாயித்துக்கிழமை முதல் வேலையா உங்க வீட்டு வால்வைக் கண்டுபிடிச்சு, ஒருதடவை மூடித் திறந்து பாருங்க. வருஷக்கணக்கா தொடாத வால்வு, அவசரத்துக்கு அசையாது!