முகவரி வீட்டைக் காட்டும், ஆளைக் காட்டாது

வீட்டு வைஃபையைப் பற்றி யாராவது ஆலோசனை கேட்டு வந்தால், நான் தூரத்திலிருந்து கவனித்த ஒரு வழக்குத்தான் முதலில் நினைவுக்கு வரும். 2008 ஜூலை 26 மாலை அகமதாபாத்தில் தொடர்குண்டுகள் வெடித்து 56 பேர் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே அதை அறிவித்து ஒரு மின்னஞ்சல் செய்தி நிறுவனங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அது அனுப்பப்பட்ட இணைய (ஐபி) முகவரியைப் பிடித்துக்கொண்டு போன விசாரணையாளர்கள், நவி மும்பையின் சான்பாடாவில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அவருடைய வைஃபைக்குப் பாஸ்வேர்ட் இருக்கவில்லை. இலங்கையிலும் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் புதிதாக வந்திருந்த காலம் அது. நாளைக்கு இப்படியொரு வழக்கு மாத்தளை நீதவான் முன் வந்தால் சட்டத்தரணியாக நான் என்ன சொல்வது என்ற எண்ணத்தோடுதான் அந்தச் செய்திகளை நாள்தோறும் வாசித்தேன்.

அந்த மனிதர் மீது குற்றச்சாட்டு எதுவும் பதிவாகவில்லை. ஆனாலும் விசாரணைக்குப் போக வேண்டியிருந்தது, நாட்டைவிட்டுப் போகாமல் கண்காணிக்கும்படி அறிவித்தல் பிறந்தது. ஆகஸ்ட் நடுவில் அவர் டெல்லி வழியாக விமானம் ஏறியதும், குற்றம் செய்தவன்தானே ஓடுவான் என்று பலர் முடிவே கட்டிவிட்டார்கள். அவருக்கும் சதிக்கும் தொடர்பில்லை என்று பிறகு தெளிவானது. வழக்கே தொடரப்படாதவருக்கு விடுதலைத் தீர்ப்பும் கிடையாது என்பதுதான் இதில் என்னை உறுத்துவது. கூண்டில் ஏறி விடுதலையானவன் தீர்ப்பின் பிரதியையாவது ஊருக்குக் காட்டலாம். சந்தேகம் மட்டும் பட்டவனுக்குக் காட்ட ஒரு காகிதமும் இல்லை.

மின்னஞ்சலை அனுப்பியவர்கள் அந்த வீட்டைத் தேர்ந்ததிலும் ஒரு கணக்கு இருந்தது. அதற்கு முந்தைய மின்னஞ்சல்கள் டெல்லிப் பக்கத்து இணையக் கடைகளிலிருந்து போனவை. கடையென்றால் முதலாளி முகத்தைப் பார்ப்பார், அடையாள அட்டை கேட்பார், பதிவேட்டில் எழுதுவார். பூட்டாத வைஃபையில் இந்த மூன்றும் இல்லை. அதே வழியில் ஆகஸ்ட் 23இல் ஒரு மின்னஞ்சல் மாதுங்காவில் ஒரு கல்லூரியின் இணைப்பிலிருந்தும், டெல்லி குண்டுவெடிப்பு நாளான செப்டெம்பர் 13இல் இன்னொன்று செம்பூரில் ஒரு நிறுவனத்தின் இணைப்பிலிருந்தும் போயின. ஒக்டோபரில் மென்பொருள் பொறியியலாளர் ஒருவர் உட்படச் சிலர் கைதானார்கள். 2009 ஜனவரியில் மும்பை பொலிஸார் தெருத் தெருவாகப் போய், பூட்டாத இணைப்பு வைத்திருப்போருக்கு அறிவித்தல் கொடுக்கப் புறப்பட்டார்கள். அடுத்த மாதம் இந்தியத் தொலைத்தொடர்புத் துறையும் வைஃபைப் பாதுகாப்புக்கு அறிவுறுத்தல் வெளியிட்டது.

பூட்டாதவனிடம் சட்டம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2010 மே 12 அன்று இதற்குச் சொன்ன பதில் எனக்குப் பிடிக்கும். வீட்டுக்காரர் விடுமுறையில் வெளியூர் போயிருந்த நேரத்தில் அவருடைய வைஃபை வழியாக யாரோ ஒரு பாட்டைப் பகிர்ந்திருந்தார்கள். பாட்டின் உரிமையாளர் வழக்குப் போட்டார். செய்யாத குற்றத்துக்கு நட்டஈடு கொடுக்கத் தேவையில்லை, ஆனால் ரௌட்டர் வாங்கிய காலத்தில் வழக்கத்திலிருந்த பாதுகாப்பைச் செய்திருக்க வேண்டும் என்றது மன்றம். புதிது புதிதாக வரும் தொழில்நுட்பத்துக்கெல்லாம் சாதாரணக் குடிமகன் காசு செலவழித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை.

இதையெல்லாம் ஒருநாள் ஒருவருக்கு விளக்க வேண்டி வந்தது. இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் போகும் பாதையில் சிறிய தங்குமிடம் நடத்துபவர் அவர். மலை உச்சியில் பெரிய கோபுரம் நின்றாலும், வளைவுகளுக்குள் இருக்கிற வீடுகளில் சிக்னல் வந்து வந்து போகும். அதனால் ரௌட்டரை ஜன்னல் விளிம்பில் வைத்து, பாஸ்வேர்டையும் எடுத்துவிட்டிருந்தார். பிட்டவல பத்தனைக்குப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளை வேலியோரம் நிறுத்தி, அவருடைய இணைப்பில் படங்களை அனுப்பிவிட்டுப் போவார்கள்.

“வந்த ஆள்கிட்ட தண்ணிக்குக் கணக்குக் கேட்க மாட்டோம், ஐயா. இதுக்கு மட்டும் பூட்டுப் போட்டா என்ன நினைப்பாங்க?” என்றார். நல்ல மனம். அந்த மனத்தைக் குறை சொல்லாமல்தான் அவருக்குச் சட்டத்தை விளக்க வேண்டியிருந்தது.

வைஃபையைத் திறந்து வைப்பது நான் அறிந்தவரை எங்கள் சட்டத்தில் குற்றமில்லை. அனுமதியில்லை என்று தெரிந்துகொண்டோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ இன்னொருவரின் கணினிக்குள் புகுவதுதான் குற்றம். ஆனால் பாஸ்வேர்டே இல்லாத இணைப்பில் வந்து இணைந்தவன், “திறந்திருந்தது, எல்லோருக்கும் என்று நினைத்தேன்” என்பான். அனுமதியில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது, அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தது என நிரூபிப்பது வழக்குத் தொடுநருக்குப் பெரும்பாடாகிவிடும். ஆக, பூட்டாதவர் சந்தேகத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்வதோடு, உண்மையான குற்றவாளிக்கு ஓர் எதிர்வாதத்தையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

நீதவானின் ஆணையோடு பொலிஸார் இணைய நிறுவனத்திடம் கேட்டால், குறிப்பிட்ட நேரத்தில் அந்த முகவரி எந்தச் சந்தாதாரரிடம் இருந்தது என்ற விவரம் கிடைக்கும். அதில் ஒரு சிறு பிழை போதும். உலக நேரத்தில் பதிவானதை இலங்கை நேரமென்று வாசித்தால் ஐந்தரை மணி நேரம் தவறி வேறு வீட்டுக் கதவைத் தட்ட நேரிடும். 2007இல் பெங்களூர் இளைஞர் ஒருவர், இணைய நிறுவனம் கொடுத்த சந்தாதாரர் விவரம் பிழையாக இருந்ததால், தான் போடாத படத்துக்காகப் புனேயில் 50 நாள் சிறையிலிருந்தார். சாதனங்களை எடுக்கும்போது தொழிலைக் கூடியவரை குழப்பக்கூடாது என்று எங்கள் சட்டம் பொலிஸாருக்குச் சொல்கிறது. தேவையென்றால் எடுக்கவும் விடுகிறது. முன்பதிவுகள் எல்லாம் ஒரே போனில் இருக்கும் சிறு தங்குமிடத்துக்கு அந்த விதிவிலக்கே போதும், சீசன் போய்விடும்.

மேசையிலேயே ரௌட்டரைத் திருப்பிப் பார்த்தோம். அடியிலிருந்த ஸ்டிக்கரில் நிறுவனம் அச்சிட்ட பெயரும் பாஸ்வேர்டும் இருந்தன. பெட்டியின் அமைப்புகளுக்குள் நுழையும் பாஸ்வேர்டு அதுவரை மாற்றப்படவேயில்லை. அதை மாற்றி, டபிள்யூபிஏ2 பாதுகாப்பைப் போட்டோம். 2001இலேயே உடைபட்ட டபிள்யூஇபி முறையைத் தொடவில்லை. பட்டனை அமுக்கி இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸையும் நிறுத்தினோம், ஏனென்றால் அதன் எட்டு இலக்கப் பின்னை ஏறக்குறைய 11,000 முயற்சியில் கண்டுபிடிக்கலாம் என்பது 2011இல் வெளிவந்த விஷயம். விருந்தாளிகளுக்குத் தனி இணைப்பைத் திறந்து, வீட்டாரின் போன்களை அதிலிருந்து பிரித்தோம்.

“சரி, ஐயா. பாஸ்வேர்டு வாங்கினவனே தப்புப் பண்ணிட்டா?” என்று கேட்டார்.

அப்போதும் முகவரி உங்கள் வீட்டைத்தான் காட்டும் என்றேன். ஆனால் எந்த நாளில் யார் தங்கினார் என்ற பதிவேடு இருந்தால், முதல் நாளே நீதவான் முன் வைக்க என் கையில் ஏதாவது இருக்கும். வந்தவரின் அடையாள அட்டை இலக்கத்தையும் வந்த நேரத்தையும் எழுதுங்கள், ஒவ்வொரு வாரமும் விருந்தாளிகளின் பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்றேன். பாதையோரம் நிற்கிறவர்களை என்ன செய்வது என்று கேட்டார். கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி கொடுங்கள், பாஸ்வேர்டு மட்டும் வேண்டாம் என்றேன்.