குறியும் பொருளும்

கணினியில் கோப்பைச் சேமிக்கும் பொத்தானில் சிறு சதுரம் ஒன்று வரையப்பட்டிருக்கும். அது நெகிழ்வட்டின் உருவம். 1981இல் சோனி நிறுவனம் மூன்றரை அங்குல நெகிழ்வட்டை அறிமுகப்படுத்தியது. பின்னர்ப் பரவலாகப் புழங்கிய வட்டில் 1.44 மெகாபைட் அளவு தரவே அடங்கிற்று. இன்றைய கைப்பேசி எடுக்கும் ஒரு நிழற்படத்திற்கே அது பெரும்பாலும் போதாது. 2011இல் அந்நிறுவனம் ஜப்பானில் அதன் விற்பனையையும் நிறுத்திக்கொண்டது. ஆயினும், அவ்வட்டைக் கண்ணால் கண்டிராத மாணவரும் அச்சதுரத்தைச் 'சேமி' என்றே படிக்கின்றனர். காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என இலக்கணத்தில் பயின்றோர்க்கு இது வியப்பளிக்காது. காரணம் பற்றித் தோன்றிய குறி, காரணம் மறைந்தபின் இடுகுறியாகி நிற்கிறது.

எல்லாக் குறிகளுக்கும் இந்நற்பேறு வாய்ப்பதில்லை. 1984இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினிக்குரிய சின்னங்களைச் சூசன் கேர் என்னும் ஓவியர் கட்டத்தாளில் வரைந்து உருவாக்கினார். அக்கணினியில் வேண்டாத கோப்பைக் குப்பைத்தொட்டிச் சின்னத்தின்மேல் இழுத்து விட்டால் அதனை நீக்கிவிடலாம். வட்டை வெளியே எடுப்பதற்கும் அதன் சின்னத்தை அதே தொட்டிக்கு இழுத்துச் செல்லும் வழி இருந்தது! வட்டிலுள்ளவை அழிந்துவிடுமோ எனப் பயனர் அஞ்சினர். அவர்களை அறியாதவர் எனல் தகாது. குப்பைத்தொட்டி எதற்கென்று நன்கு அறிந்திருந்தமையாலேயே அஞ்சினர். பிற்காலத்தில், வட்டை இழுக்கும்போது மட்டும் தொட்டியின் உருவம் வெளியேற்றும் குறியாக மாறுமாறு திருத்தி அமைத்தனர்.

குறியின் பொருள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதும் உண்டு. நம் விடைத்தாளில் ஆசிரியர் ஒரு சொல்லை வட்டமிட்டால் அங்கே பிழை இருக்கிறது என அறிவோம். ஜப்பானில் வட்டம், விடை சரியென்பதன் அடையாளம்.

இணையதளங்களின் மூலையில் காணப்படும் மூன்று கோடுகளும் இத்தகையனவே. 1981இல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்த அக்குறி, பட்டியலின் வரிகளை ஒத்தது. அதனுள் பட்டியல் அடங்கியிருப்பதை அறியாதவர், தாம் தேடியது அத்தளத்தில் இல்லையென்றே திரும்பிவிடுவர். கோடுகளின் அருகே 'பட்டியல்' என்றொரு சொல்லை எழுத எவ்வளவு இடம் வேண்டும்?

பார்வையற்றோர்க்கு அச்சொல் இன்னும் இன்றியமையாதது. அவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள், திரையில் உள்ளவற்றைக் குரலாக்கித் தருகிறது. சின்னத்திற்குரிய பெயரைத் தளத்தை உருவாக்குவோர் நிரலில் எழுதி வைக்கவில்லையெனில், பல வேளைகளில் அது 'பொத்தான்' என்று மட்டுமே ஒலிக்கும். அடுத்ததைத் தொட்டாலும் 'பொத்தான்'. விண்ணப்பத்தை அனுப்புவது எது, அழிப்பது எது என்று அறியாமல் விரல் அங்கேயே நின்றுவிடும்.