நறுவிலிக்குளத்தில் கற்ற பாடம்

நமக்கும் நண்பர் நால்வருக்குமாக ஒரு கார் உண்டு. அது 1960களில் இங்கிலாந்தில் செய்யப்பெற்ற ஒஸ்ரின் ஏ-60 கேம்பிரிட்ஜ். இத்தாலி நாட்டுப் பினின்பரினா நிறுவனம் வகுத்த வடிவமாதலால், பின்புறத்தில் மீனின் துடுப்புப்போல இரு முனைகள் நிமிர்ந்து நிற்கும். 1990களில் பொருளாதாரத் தடையால் வடக்கே பெற்றோல் அருகியபோது, சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களுள் இவ்வினமும் ஒன்று. எனவே யாழ்ப்பாணத்தாருக்கு ஒஸ்ரின் மீது தனிப் பற்று உண்டு.

அப்பற்று நமக்கும் உண்டு. தனியே வாங்கும் வசதிதான் இல்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் தனியாருக்கு மீண்டும் திறந்தது. இடைக்காலத்தில் பழைய வாகனங்களின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போயிற்று. ஆகவே ஐவரும் பங்கு போட்டோம். ஆளுக்கு ஒரு வாரம் கார், மாதச் சந்தா, செலவெழுத ஒரு கொப்பி. இது புதுமையுமன்று. 1948இலேயே சூரிச் நகரில் கூட்டுறவு முறையிற் கார்களைப் பகிர்ந்துகொண்டனர். 1996ஆம் ஆண்டின் உலகக் கார்ப்பந்தய வீரர் டேமன் ஹில், இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டிலே இத்தகைய சங்கமொன்றைத் தோற்றுவித்தோருள் ஒருவர். பெராரி போன்ற அரிய கார்களை அதன் அங்கத்தவர்கள் முறைவைத்து ஓட்டினார்கள். அவர்களுக்குப் பெராரி; நமக்கு ஒஸ்ரின்!

தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஐவருமாகப் புறப்பட்டோம். அரிப்பிலே ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையிற் கட்டுவித்த மாளிகையின் இடிபாட்டைக் காண்பது நோக்கம். 2011இல் திறக்கப்பெற்ற சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து, பூநகரி, வெள்ளாங்குளம், விடத்தல்தீவு வழியாகச் சென்று, திருக்கேதீச்சரத்திற் பாலாவியைத் தரிசித்துக் கும்பிட்டோம். பின்னர் வங்காலைக் களப்பை அடைந்தோம். 2008இல் சரணாலயமாகவும் 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட இடம் அது. ஆழமற்ற நீரிலே பூநாரைகள் வரிசையாக நின்ற காட்சியைக் கண்டு, ஓட்டிய நண்பர் உட்பட அனைவரும் மெய்ம்மறந்தோம். காரின் வெப்பமானியை ஒருவரும் பார்க்கவில்லை.

நறுவிலிக்குளத்தை அணுகியபோது முன்புறத்திலிருந்து வெண்புகைபோல ஆவி எழுந்தது. ராடியேற்றரில் நீர் வற்றிப்போயிருந்தது.

வீதியோரத்திலே வாக்குவாதம் மூண்டது. "போன வாரம் வைத்திருந்தவர் பார்த்திருக்க வேண்டும்" என்றார் ஒருவர். "இன்றைக்கு ஓட்டுபவரல்லவா பார்க்க வேண்டும்" என்றார் மற்றவர். நாமோ, இருவரும் பார்த்திருப்பர் என்று எண்ணிச் சும்மா இருந்தோம். ஈற்றில் ஒரு நண்பர், "என் பங்கைத் தந்துவிடுங்கள், நான் விலகுகிறேன்" என்று கூறிவிட்டார். கல்லூரி நாள் தொட்டு இருபதாண்டுக்கு மேற்பட்ட நட்பு. ஒரு வாளி நீருக்காக அறுந்துவிடுமோ என்று அஞ்சினோம்.

அவ்வேளை வயலிலிருந்து வந்த முதியவர் ஒருவர் நம்மைக் கண்டு, "இப்ப மூடியைத் திறக்காதேங்கோ ஐயா, முகத்திலை அடிக்கும்" என்று தடுத்தார். மர நிழலில் இருத்தி, வாளியில் நீரும் கொணர்ந்தார். பொறி ஆறும்வரை பேச்சு வளர்ந்தது.

நானாட்டான் பகுதியின் வயல்கள் கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பியவை. நீர் குறையும் சிறுபோகத்திலே விதைக்கும் பரப்பைச் சுருக்கி, அச்சிறு பரப்பையும் உழவர்கள் தம்முட் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் இந்நாட்டுக் குளங்களுக்குப் பழையது. சிங்களத்தில் அதனைப் 'பெத்ம' என்பர். "பங்கிட்டால் சண்டை வராதா, பெரியவர்?" என்று கேட்டோம்.

"வராமல் இருக்குமே? அதுக்குத்தானே ஐயா வட்டவிதானை. தண்ணி எல்லாருக்கும் சொந்தம். திறந்து மூடுற பொறுப்பு ஒராளுக்கு. அது சரி, உங்கடை காருக்குத் தண்ணி பாக்கிறது ஆர்?"

ஐவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். நம்முடைய கொப்பியில் உரிமைகள் எல்லாம் எழுதப்பட்டிருந்தன: யாருக்கு எந்த வாரம், யாருக்கு எத்தனை மைல். கடமை என்று ஒரு வரிதானும் இல்லை. எல்லோருக்கும் உரியது என்று நாம் கொண்டாடிய பொருள், கவனிப்பார் எவருமற்ற பொருளாயிருந்தது. பள்ளிக்கூடத்துக் கிணற்றுக்கும் ஊர் வாசிகசாலைக்கும் நேர்வதும் இதுவேயன்றோ?

நறுவிலிப் பழத்தின் பசையால் முன்னாளிற் கடிதம் ஒட்டியவர்களை அறிவோம். அன்று முதியவரின் சொல்லும் அப்பசைபோலவே அறுந்ததை ஒட்டிற்று. விலகுவதாகச் சொன்ன நண்பரையே நம் 'வட்டவிதானை'யாக்கினோம். நீர், எண்ணெய், சில்லின் காற்று ஆகியவற்றை அவர் பார்ப்பார். அவர் சம்மதமின்றிக் கார் புறப்படாது. அவர் முதலில் மறுத்தார். பின்னர் திறப்பை வாங்கித் தம் சட்டைப் பையில் இட்டுக்கொண்டார்.

முதியவர் பணம் பெற மறுத்தார். "அடுத்த முறை வரேக்கை வீட்டை வந்து சாப்பிட்டுப் போங்கோ" என்றார். அரிப்பை அடைந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. இடிந்த மாளிகையை அரை மணி நேரமே காண முடிந்தது. எனினும் அதற்காக ஒருவரும் வருந்தவில்லை. திரும்பும் வழியில் நண்பர் இருமுறை காரை நிறுத்தி நீர் பார்த்தார். இரண்டாம் முறை பார்த்ததற்குத் தேவை இருந்ததாகத் தோன்றவில்லை. ஆயினும் நாம் வாய் திறக்கவில்லை.