காலுக்குள் ஒரு ஃபுட் வால்வு

பல்லடம் பக்கம் தோட்டத்து வீட்டுப் பெண்மணி அவர். நாலரை மணிக்கு எழுந்து, இரண்டு மாட்டில் பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு கம்பெனி வேனைப் பிடிப்பார். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஷிப்ட் முழுக்க நின்றபடிதான். சாயங்காலம் கணுக்காலில் கொலுசு பதிந்து தடம் விழுந்திருக்கும். கெண்டைக்காலில் நரம்பு புடைத்துச் சுருண்டதும், டாக்டர் அழுத்தக் காலுறை எழுதிக் கொடுத்தார். ஆறு மாதம் அது பீரோவிலேயே கிடந்தது. “இதை ஏத்தி முடிக்கறதுக்குள்ள வேன் போயிருமுங்க” என்றார். அக்கறையில்லாமல் சொன்னதல்ல, உறை அவ்வளவு இறுக்கம்.

கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு சரியாக மூடாவிட்டால், ஏறிய தண்ணீர் திரும்ப இறங்கிவிடும். காலின் சிரைகளுக்குள்ளும் அப்படி வால்வுகள் உண்டு. ரத்தத்தை மேலே தள்ளும் பம்பு, கெண்டைச் சதை. நடந்தால் ஓடும், ஒரே இடத்தில் நின்றால் ஓடாது. வால்வு தளர்ந்தவர்களுக்கு ரத்தம் கீழே தேங்கி கணுக்கால் வீங்கும். கவனிக்காமல் விட்டால் உள்கணுக்கால் தோல் கறுத்து, ஆறாத புண்வரை போகும்.

அமெரிக்காவின் டொலிடோ நகரில் கான்ராட் ஜாப்ஸ்ட் என்ற பொறியாளருக்கும் இதே தொல்லை. நீச்சல் குளத்தில் நிற்கும்போது வலி குறைவதைக் கவனித்தார். கழுத்தளவு தண்ணீரில் அழுத்தம் பாதத்தில்தான் அதிகம். மேலே வர வரக் குறையும். கிணற்றில் நீந்தியவர்களுக்கு இது புதிதல்ல. அதே கணக்கில், கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே தளர்வாகவும் 1950-களில் அவர் உருவாக்கியதுதான் இந்த உறை. பனியன் துணிபோல இதுவும் நிட்டிங்தான்; இன்று லைக்ரா மாதிரியான நூல் இழுத்துப் பிடிக்கிறது.

சூட்சுமம் நேரத்தில் இருக்கிறது. எழுந்தவுடன், வீக்கம் வடிந்திருக்கும்போதே போட்டுவிட வேண்டும். பால் கறந்துவிட்டுப் பார்க்கலாம் என்றால் அதற்குள் கால் கனத்துவிடும். கொலுசையும் மெட்டியையும் கழற்ற வேண்டும். எண்ணெய் தேய்த்த காலில் கூடாது. உறையை குதிகால்வரை உள்வெளியாகத் திருப்பி, பாதத்தை நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். ரப்பர் கையுறை போட்டால் பிடி வழுக்காது. விரல் பக்கம் திறந்த உறையென்றால் இன்னும் சுலபம்: பாதத்தில் வழவழப்பான கேரி பேக்கை மாட்டி, அதன்மேல் உறையை ஏற்றி, பையை விரல் வழியாக உருவிவிடலாம். நர்ஸ் இதைச் செய்துகாட்டிய பிறகுதான் பல்லடத்துப் பெண்மணியின் உறை பீரோவை விட்டு வெளியே வந்தது. இரவில் கழற்றிவிடுகிறார்.

காலையில் கணுக்கால், கெண்டைச் சுற்றளவு எடுக்காமல் வாங்குவது வீண்செலவு. சர்க்கரை நோயாளிகளும், நடந்தால் கெண்டை பிடித்து, நின்றால் விடுகிறது என்பவர்களும் டாக்டரிடம் கால் நாடி பார்க்காமல் போடக் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிதான்.

உறை, பழுதான வால்வைச் சரிசெய்யாது. ரத்தம் தேங்காமல் தாங்கிப்பிடிக்கும், அவ்வளவே. நிற்கும் நேரமும் குறைய வேண்டும். நின்றே வேலை செய்பவர்கள் இடையிடையே உட்கார இருக்கை வைக்கச் சொன்னது, 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-வது பிரிவு. செக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கேட்பது சலுகை அல்ல.