காரடை தந்த பாடம்

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் நோற்கப்படுவது காரடையான் நோன்பு. யமனிடமிருந்து சத்தியவானை மீட்ட சாவித்திரியை நினைந்து, மனைவியர் கணவரின் நீண்ட ஆயுளை வேண்டுவர். அவ்வேளை நள்ளிரவிலும் வரும்; விடியலிலும் வரும்.

பாலக்காட்டில் ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு, பல ஆண்டுகள் அந்நேரம் பணியிலேயே கழிந்தது. சரடு கட்ட நான் வரும்வரை என் மனைவி பட்டினியாகக் காத்திருப்பாள்.

இவ்வாண்டு விடுப்பெடுத்து அவளுடன் அடுப்படியில் நின்றேன். அவள் பிறந்தகம் இடுக்கி மாவட்டத்து மறையூர். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அவ்வூர் உருண்டை வெல்லத்தை அவள் கரைத்துக் கொதிக்கவிட்டாள். வெந்த காராமணியும் தேங்காய்ப் பல்லும் அதில் சேர்ந்தன. வறுத்த அரிசிமாவைக் கொட்டிக் கிளறியது நான்; கட்டி தட்டிற்று. வாழையிலையில் தட்டி ஆவியில் வேகவைத்தோம். நான் தட்டிய அடை பிளந்தது.

சரடு கட்டியபின், அந்த அடையையே அவள் வெண்ணெயுடன் எடுத்துக்கொண்டாள்.

"பிளந்தால் என்ன? இவ்வாண்டு வண்டி நேரத்திற்கு வந்துவிட்டதே!" என்றாள்.

நான் தலை குனிந்தேன். என் ஆயுளுக்காக அவள் இத்தனை ஆண்டுகள் நோற்றாள். அவளுக்காக நான் நோற்றது யாது?

அன்பர்களே, அடுத்த நோன்பன்று நீங்களும் ஒரு பிடி மாவேனும் பிசையுங்கள்.