மாத்தளைக்கு மறுபடியும் ஒரு பயணம்

ஓர் ஊருக்கு முதன்முறை செல்பவன் அதன் கோபுரங்களையும் கடைவீதிகளையும் கண்டு திரும்புகிறான். மறுமுறை செல்பவனுக்கே அவ்வூரின் மனிதர் அறிமுகமாகின்றனர். மத்திய மலைநாட்டின் வடவாயிலாக விளங்கும் மாத்தளை எனக்கு இதை உணர்த்தியது.

கண்டியிலிருந்து மாத்தளை 16 மைல் தொலைவு. கட்டுகஸ்தோட்டை, அக்குறணை வழியாகப் பஸ்ஸில் போகலாம். நான் மறுமுறை சென்றது 1880ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புகையிரதப் பாதையில். வத்துகாமம், உக்குவளை என நின்று நின்று ஊர்ந்த வண்டி, மாத்தளையில் ஓய்ந்தது. அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் நீலநிறம் பூண்டு நிற்கிறது. நுவரெலியாவின் குளிரும் இங்கில்லை. கொழும்பின் புழுக்கமும் இல்லை. மிளகும் கொக்கோவும் கிராம்பும் சாதிக்காயும் செழிக்கும் மண் இது.

முத்துமாரியம்மன் கோயிலுக்கு அருகே ஒரு சிறு தேநீர்க் கடை. "போன மாசித் தேருக்கு வந்த ஐயாதானே? சீனி குறைச்சல்தானே?" என்று கடைக்காரப் பெரியவர் வரவேற்றார். ஓராண்டுக்கு முன் குடித்த ஒரு கோப்பைத் தேநீரை அவர் மறக்கவில்லை! அன்றுமுதல் எங்கள் சிநேகம் வளர்ந்தது.

அவர் மூலமாக மற்றவர்களும் நண்பராயினர். பலசரக்கு வாணிபம் செய்யும் முஸ்லிம் நானா ஒருவர், பச்சை மிளகை வெயிலில் உலர்த்தினால் கருமிளகு என்றும், சிவந்து பழுத்ததை ஊறவைத்துத் தோல் நீக்கினால் வெண்மிளகு என்றும் கையில் வைத்துக் காட்டினார். ஊருக்கு வடக்கே அலுவிகாரையில், தாளிப்பனை ஏட்டில் எழுத்தாணியால் கீறி, கரியும் எண்ணெயும் தடவித் துடைத்து என் பெயரைத் துலங்கச் செய்தார் ஒரு சிங்கள இளைஞர். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக வழங்கிய பௌத்த திரிபிடகம் ஏட்டில் ஏறிய தலம் அதுவே. அவர் என்னை "அய்யா" என்றழைத்தார். தமிழில் அது மரியாதைச் சொல். சிங்களத்திலோ அண்ணன் என்று பொருள். இரண்டுமே எனக்கு இனித்தன.

கடைக்காரரின் கதை வேறு. அவருடைய பாட்டனாரின் தந்தை தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து மாத்தளை சேர்ந்தவர். கோப்பித் தோட்டங்களுக்காக அவ்வாறு நடந்தவர்களில் பலர் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலியாகி வழியிலேயே வீழ்ந்தனர். பிழைத்து வந்தவர்களின் துயருக்குத் துணை நின்றவள் மாரியம்மன். அவர்களுடைய சந்ததியார் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று கணக்கிட்டது.

அந்தக் கணக்கில் பெரியவரின் தமக்கையும் ஒருவர். ஒரே வீட்டில் தம்பி இந்நாட்டவனானான். அக்காள் கப்பலேறி நீலகிரிக்குப் போனார். அங்கே அவர்களுக்கு இடப்பட்ட பெயர் 'தாயகம் திரும்பியோர்' என்பதாம். "எங்கக்கா பொறந்தது இந்த ஊரு. திரும்புறதுன்னா இங்கதானே திரும்பணும்?" என்று பெரியவர் கேட்டார். நான் விடை கூறவில்லை.

1983ஆம் ஆண்டுக் கலவரத்தில் கோயிலுக்குத் தீ வைக்கப்பட்டது. பெரியவரின் கடையும் எரிந்தது. அடுத்த வீட்டுச் சிங்களக் குடும்பம் அவரையும் பிள்ளைகளையும் ஒளித்துவைத்துக் காத்தது. "அதற்குப் பின்னும் ஏன் இங்கேயே இருந்தீர்கள்?" என்றேன். "அம்மாளை விட்டுட்டு எங்க போறது, ஐயா?" என்றார். கோயில் மீண்டும் எழுந்தது. இன்று 108 அடி இராஜகோபுரம் வானளாவி நிற்கிறது. மாசிமகத்தில் ஐந்து தேர்கள் வீதிவலம் வருகின்றன.

2023ஆம் ஆண்டில், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி மாத்தளையில் நிறைவெய்தியது. அன்று கூட்டத்தோடு சிறிது தூரம் நடந்ததாகப் பெரியவர் கூறினார். முழங்கால் வலியால் மேலும் இயலவில்லையாம்.

பயணச்சீட்டு ஒன்று வாங்கினால் விரும்பியபோதெல்லாம் என்னால் மாத்தளைக்குத் திரும்ப முடிகிறது. இங்கே பிறந்த அந்த அம்மையாரோ, போன பின் ஒருமுறையேனும் வரவில்லை. விடைபெறுகையில் பெரியவர் ஒரு பொட்டலம் கொடுத்தார். அம்மன் குங்குமமும் ஒரு பிடி ஏலக்காயும் அதிலிருந்தன.

அடுத்த மாதம் நீலகிரியில் அதை அவர் கையில் சேர்ப்பித்தேன். ஏலக்காயை முகர்ந்து சற்றுநேரம் பேசாதிருந்த அம்மையார், "அஞ்சு தேரும் ஓடுச்சா, தம்பி?" என்று கேட்டார்.

"ஓடின, அம்மா" என்றேன்.